வாசல் வீதி யாருடையது? சிட்னியில் காணி வாங்குவோருக்கு நான்கு உரிமை முறைகளின் ஒப்பீடு

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியில் நாலு எல்லையையும் சொல்லி முடித்த கையோடு, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் பற்றி ஒரு வரி வரும். காணி எத்தனை பரப்பு என்பதில் சண்டை வருவது குறைவு. அந்த ஒரு வரியில்தான் தலைமுறை தலைமுறையாக வழக்கு நடக்கும். சிட்னியில் அந்த வரிக்கு நான்கு வடிவங்கள் உண்டு: கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) வீதியில், டொரன்ஸ் எனப்படும் சங்கமில்லாத தனிக்காணி; சிலர் பங்கிடும் ஒழுங்கை; வீதியைக் காணிக்காரர் சங்கம் வைத்திருக்கும் கம்யூனிட்டி டைட்டில்; கட்டடத்தையும் சங்கம் பார்க்கும் ஸ்ட்ராட்டா. சில வடிவங்களில் அந்த ஒரு வரி நூறு பக்கத்தைத் தாண்டும். ஆனாலும் மார்ஸ்டன் பார்க், ஸ்கொஃபீல்ட்ஸ், பொக்ஸ் ஹில், தெற்கே வில்டன் என்று புதுக் காணி தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "லெவி எவ்வளவு?"

லெவி என்பது சங்கத்துக்குத் தவணைதோறும் கட்டும் பங்குக்காசு. அது பிழையான கேள்வி இல்லை. நாலாவதாகக் கேட்கவேண்டியதை முதலில் கேட்கிறோம், அவ்வளவுதான். வீட்டுக்கு முன்னால் போகும் வீதி, அதன் அடியில் ஓடும் மழைநீர்க் குழாய், தெருவிளக்கு, கோடியில் உள்ள குளம் ஆகியவை யாருடைய சொத்து, உடைந்தால் யாருடைய காசு என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். லெவி அதற்குப் பிறகு வரும் கணக்கு.

இங்கே எழுதியிருப்பது நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி. குயின்ஸ்லாந்தில் 'கம்யூனிட்டி டைட்டில்' என்ற சொல் அடுக்குமாடிகளையும் சேர்த்தே குறிக்கும். அங்கே 1997ஆம் ஆண்டுச் சட்டம். தென் ஆஸ்திரேலியாவில் 1996ஆம் ஆண்டின் தனிச் சட்டம். பிரிஸ்பேனில் இருக்கும் மச்சான் சொல்லும் ஆலோசனையை அப்படியே இங்கே பொருத்தினால் பிசகும்.

டொரன்ஸ் காணி, கவுன்சில் வீதி

காணியைப் பிரித்து விற்கும் நிறுவனம் கவுன்சில் வகுத்த தரத்துக்கு வீதியும் வடிகாலும் போடும். பிரிப்பு வரைபடம் பதிவாகும்போது வீதி பொதுவீதியாகக் கவுன்சிலிடம் போய்ச் சேரும். அதற்குப் பிறகும் குறைபாட்டுக் காலத்துக்கென ஒரு பிணைத்தொகையைக் கவுன்சில் பிடித்து வைத்திருக்கும். தார் வெடித்தால், விளக்கு அணைந்தால், வடிகால் அடைத்தால் கவுன்சிலையோ மின்விநியோக நிறுவனத்தையோ அழைக்கலாம். செலவு நீங்கள் கட்டும் ரேட்ஸுக்குள், அதாவது கவுன்சில் வரிக்குள், அடங்கும்.

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை; அதுதான் இதன் பலமும். ஆனாலும் காணி மீதுள்ள உரிமைகளையும் தடைகளையும் பட்டியலிடும் 88பி ஆவணத்தை வாசியுங்கள். உங்கள் காணிக்குள்ளேயே மழைநீர்த் தாங்கல் தொட்டி இருந்தால், அதைப் பராமரிக்கும் கடமை உங்கள் உறுதியோடு ஒட்டியிருக்கும். அதை மூடிப் பூந்தோட்டம் போட்டவர்களுக்கு விற்கும் நேரத்தில்தான் சிக்கல் தெரியவரும்.

நாலு வீடு, ஒரு ஒழுங்கை

பழைய பெரிய காணி ஒன்றை அண்ணன் தம்பியோ நண்பர்களோ சேர்ந்து வாங்கி மூன்றாகவோ நான்காகவோ பிரிக்கும்போது, பின்காணிகளுக்குப் போக ஒரு பொது ஒழுங்கை தேவைப்படும். சங்கம் எதுவும் வேண்டாம் என்றால், ஒவ்வொருவருடைய காணித் துண்டின் மீதும் மற்றவர்களுக்கு வண்டிப்பாதை உரிமை எழுதிவிடலாம். செலவு குறைவு, ஆண்டுக் கூட்டமோ சங்கத்தை நடத்தும் முகவரோ லெவியோ கிடையாது.

பிசகுவது எங்கே? கன்வேயன்சிங் (காணிக் கைமாற்ற) சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள குறுவாசகத்தை மட்டும் பயன்படுத்தினால், வண்டிப்பாதை உரிமை என்பது போக வர மட்டும்தான். பராமரிப்புச் செலவை யார் எந்தப் பங்கில் கொடுப்பது என்று அதில் இல்லை. அதற்குத் தனியாக, அதே சட்டத்தின் 88பிஏ பிரிவின்படி ஒரு பராமரிப்பு உடன்பாடு எழுத வேண்டும். குழாய் போடும் உரிமையும் பாதை உரிமைக்குள் தானாக வராது. வடிகாலுக்கும் மற்றச் சேவைகளுக்கும் தனித்தனி உரிமை எழுதுங்கள். ஒழுங்கையில் கார் நிறுத்தக்கூடாது என்பதையும் கையோடு எழுதிவிடுவது நல்லது. ஒழுங்கைச் சண்டைகள் பெரும்பாலும் நிறுத்திவிட்டுப் போன காரில்தான் ஆரம்பிக்கின்றன.

இன்னொன்று, கொங்கிரீட். கார் மட்டும் போகுமென்று 100 மி.மீ. தடிப்பில் போட்டுவிடுவார்கள். பிறகு கடைசி வீடு கட்டும்போது கொங்கிரீட் லொறி உள்ளே வரும், ஒழுங்கை வெடிக்கும். அந்த நேரத்தில் முதல் வீட்டுக்காரர் ஏற்கனவே குடிபுகுந்திருப்பார். ஒன்றில் 150 மி.மீ. தடிப்பும் கம்பிவலையும் போடுங்கள், இல்லையேல் எல்லா வீடும் எழும்பிய பிறகு ஒழுங்கையை முடியுங்கள்.

மூன்று காணி வரை இந்த முறையே போதும் என்பது எங்கள் கருத்து. நாலில் யோசிக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினால், காப்புறுதி எடுக்கவும் காசு சேர்க்கவும் ஒரு சட்டபூர்வ ஆள் தேவைப்படும். அந்த ஆள்தான் அடுத்து வரும் சங்கம்.

கம்யூனிட்டி டைட்டில்

ஸ்ட்ராட்டா சட்டம் இங்கே 1961இல் வந்தது. அது கட்டடத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கப் பிறந்த சட்டம். தனித்தனி வீடுகளும் பொது வீதியும் பூங்காவும் உள்ள காணித் தொகுதிக்கு அது பொருந்தவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1989இல் இரண்டு கம்யூனிட்டி சட்டங்கள் இயற்றப்பட்டு, 1990 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் இடத்தை 2021 டிசம்பர் 1 முதல் புதிய இரண்டு சட்டங்கள் பிடித்தன. பிரேக்ஃபாஸ்ட் பொயின்ட், லிபர்ட்டி குரோவ், வில்டனில் பிங்காரா கோர்ஜ் எல்லாம் இந்த முறையில் எழுந்த குடியிருப்புகள்.

வரைபடத்தைத் திறந்ததும் லாட் 1, அதாவது முதல் எண் காணித்துண்டு, எது என்று பாருங்கள். அதுதான் சங்கச் சொத்து. வீதி, பூங்கா, குளம் எல்லாம் அந்த ஒற்றை லாட்டுக்குள் கிடக்கும். மற்ற லாட்டுகள் தனியாருடையவை. உங்கள் வீடும் கூரையும் சுவரும் முழுவதும் உங்களுடையது. வீட்டுக் காப்புறுதியும் நீங்களே எடுக்க வேண்டும். சங்கம் காப்புறுதி செய்வது லாட் 1ஐத்தான். ஸ்ட்ராட்டாவில் இருந்து மாறி வந்தவர்கள் இதை மறந்து, வீட்டுக்குக் காப்புறுதி இல்லாமல் மாதக்கணக்கில் இருந்துவிடுவதுண்டு.

வரைபடத்தோடு பதிவாகும் இன்னொரு ஆவணம் மேனேஜ்மென்ட் ஸ்டேட்மென்ட். பை-லாக்கள் (சங்கத்தின் விதிகள்), எந்த வழி பொதுமக்களுக்குத் திறந்தது, எது குடியிருப்பாளருக்கு மட்டும், குப்பை, வேலி, சேவைக் குழாய்கள், முகப்பின் நிறம் வரை எல்லாம் அதில் இருக்கும். குழாய்கள் எந்த வழியே போகின்றன என்று காட்டும் சேவை வரைபடமும் உண்டு. அதிலுள்ள கோடு உங்கள் காணிக்கு நடுவே போனால், அந்த இடத்தில் நீச்சல் குளம் வெட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சங்கத்தின் தலையில் விழும் பெரிய செலவுகள் இரண்டு: வீதி, மழைநீர். நீச்சல் குளமும் விளையாட்டுத் திடலும் கண்ணுக்குத் தெரிவதால் கூட்டத்தில் அவற்றைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். காசைத் தின்பது கண்ணுக்குத் தெரியாதவை.

மேற்குச் சிட்னியின் மண் பெரும்பாலும் களிமண். ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். வீதியோரப் பூம்பாத்திக்கு விடும் தண்ணீர் தாருக்கு அடியில் இறங்கினால், ஓரம் முதலில் வெடிக்கும். வெடிப்பை உடனே அடைத்தால் சின்னச் செலவு. விட்டால் தண்ணீர் கல்லடுக்குக்குள் போய், 20 தொன்னைத் தாண்டிய குப்பை லொறி வாரம் வாரம் மிதித்து, பள்ளமாகிவிடும். தனியார் வீதியைக் கவுன்சில் தரத்தைவிட மெல்லியதாகப் போட்டிருந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வீதி வடிவமைப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்தத் தடிப்பில் போட்டது, எந்த லொறிக்குக் கணக்கிட்டது என்று பாருங்கள்.

மழைநீர் பக்கம் இதைவிடச் சிக்கல். வரைபடத்தில் 'பயோரிடென்ஷன்' என்று எழுதியிருக்கும் பள்ளம், பார்வைக்குப் புல் முளைத்த குழிதான். உண்மையில் அது ஒரு வடிகட்டி. மேலே 400 முதல் 600 மி.மீ. வரை மணல் கலந்த வடிமண், அதன் கீழே பருமணல், அதற்கும் கீழே சரளைக்குள் துளையிட்ட குழாய். மழை விட்டு ஒரு நாள் போன பிறகும் தண்ணீர் தேங்கி நின்றால், வடிமண் அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். அடைப்பது வேறெதுவும் இல்லை: சுற்றிவர வீடு கட்டும் காலத்தில் அடித்து வரும் சேறு. வீடுகளில் பெரும்பகுதி எழும்பும் வரை வடிமண்ணைத் துணியும் புல்லும் போட்டு மூடி வைத்து, கடைசியில் அவற்றை எடுத்துவிட்டுச் செடி நடுவதே முறை. விற்பனைக்கு அழகாக இருக்கட்டும் என்று முதலிலேயே செடி நட்டுவிட்டால், சேறு நேரே வடிமண்ணில் இறங்கும். ஐந்தாறு ஆண்டில் முழுவதையும் தோண்டி மாற்றும் செலவு சங்கத்துக்கு. குளத்துக்கு முன்னால் உள்ள குப்பை பிடிக்கும் தொட்டியையும் உறிஞ்சு லொறி வைத்துத் தவறாமல் துப்புரவாக்க வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் இலையும் பிளாஸ்டிக்கும் குளத்துக்குள் போகும்.

இனி லெவிக்கு வருவோம். 60 லாட் உள்ள ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் இடத்துக்கு விலைகோரல் எடுத்து மாற்றிப் போடுங்கள்.

வீதி 400 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம்: 2,400 சதுர மீட்டர். 15 ஆண்டுக்கு ஒருமுறை மேல்தார் போட, சதுர மீட்டருக்கு 45 டொலர் என்றால் 1,08,000 டொலர். லாட்டுக்கு ஆண்டுக்கு 120.

வடிகட்டும் குளம் 300 சதுர மீட்டர். 12 ஆண்டில் வடிமண்ணும் செடியும் மாற்ற, சதுர மீட்டருக்கு 300 டொலர் என்றால் 90,000. லாட்டுக்கு ஆண்டுக்கு 125.

விளையாட்டுத் திடல் 80,000 டொலர், 15 ஆண்டு ஆயுள். லாட்டுக்கு ஆண்டுக்கு 89.

மூன்றையும் கூட்டினால் லாட்டுக்கு 334 டொலர். இது மூலதன வேலை நிதிக்கு மட்டும். புல்வெட்டு, மின்கட்டணம், காப்புறுதி, முகவர் கட்டணம் எல்லாம் நிர்வாக நிதியிலிருந்து போகும், அது வேறு. இப்போது விற்பனையை இலகுவாக்க மூலதன நிதிக்கு 100 டொலர் மட்டும் வைத்து லெவியைக் குறைத்துக் காட்டினார்கள் என்று வையுங்கள். 15ஆம் ஆண்டு வரை சேர்வது 90,000. தேவைப்படுவது 2,78,000. குறையும் 1,88,000ஐ 60 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 3,133 டொலர் விசேஷ லெவி. பத்து ஆண்டு இருந்துவிட்டு விற்றுப்போனவர் தப்பிவிடுவார். அவரிடம் வாங்கியவர் கட்டுவார். குறைந்த லெவியைக் கண்டால் நாங்கள் சந்தோஷப்படாததற்குக் காரணம் இதுதான்.

பங்கு எல்லோருக்கும் சமமாக இராது. கம்யூனிட்டி முறையில் ஒவ்வொரு லாட்டின் பங்கும், வீட்டைக் கணக்கில் எடுக்காமல், காணியின் பெறுமதியை வைத்து மதிப்பீட்டாளர் வகுப்பது. அரண்மனை கட்டினாலும் லெவி உயராது. பெரிய மூலைக்காணி வாங்கினால் உயரும். நிலுவை லெவிக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி உண்டு. விற்றவர் வைத்துப்போன நிலுவையைச் சங்கம் உங்களிடமும் கேட்கலாம் என்பதால், செட்டில்மென்டுக்கு (காசு கொடுத்துக் காணியை மாற்றும் நாளுக்கு) முன் சங்கத்தின் சான்றிதழை எடுக்கவேண்டும்.

அடுத்தது அடுக்குகள். பெரிய தொகுதிகளில் மேலே கம்யூனிட்டி சங்கம், நடுவில் பிரிசிங்ட் சங்கம், கீழே நெய்பர்ஹூட் சங்கமோ ஸ்ட்ராட்டாவோ என்று மூன்று அடுக்கு வரை போகலாம். கீழ் அடுக்கில் வாங்கினால், உங்கள் சங்கம் மேல்சங்கத்துக்குக் கட்டவேண்டியதையும் உங்களிடமே வசூலிக்கும். வாக்கு மட்டும் நேரே மேலே போகாது. கீழ்ச்சங்கம் அனுப்பும் பிரதிநிதிதான் மேல்கூட்டத்தில் கை தூக்குவார். பூங்காவுக்குக் காசு கொடுத்தும் பூங்காவைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை என்ற புலம்பலின் வேர் இங்கேதான். அடுக்கு குறைய இருக்கும் தொகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிரித்து விற்றவர் கையிலிருந்து மற்றவர்களுக்குப் போன லாட்டுகளின் பங்கு, மொத்தத்தில் மூன்றில் ஒன்றை எட்டும்போது ஆரம்பக் காலம் முடிகிறது. அதன்பின் இரண்டு மாதத்துக்குள் முதல் ஆண்டுக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் கேட்டு வாங்கவேண்டியவை: கட்டி முடித்தபின் வரைந்த பொறியியல் வரைபடங்கள், மழைநீர்க் குழாய்களுக்குள் கமரா விட்டு எடுத்த பதிவு, குளத்தின் வடிமண் சோதனை, பம்ப் இருந்தால் அதன் கைநூலும் உத்தரவாதமும், நடப்பிலுள்ள ஒப்பந்தங்கள் அத்தனையும். குழாய்க்குள் கட்டுமானக் காலத்துக் கொங்கிரீட் கழிவு உறைந்து கிடப்பது புதினமில்லை. பிரித்து விற்றவர் பக்கத்திலேயே நிற்கும்போது கண்டுபிடித்தால் அவர் செலவு. கடைசி லாட்டையும் விற்றுப் போனபிறகு என்றால் சங்கத்தின் செலவு, அல்லது வழக்கறிஞர் செலவு.

அன்றாடம் தொல்லை தருபவை சிறியவை. தனியார் வழியில் கவுன்சில் ரேஞ்சர் தானாக வந்து கார்களுக்குத் தண்டம் போடமாட்டார். குப்பை லொறி உள்ளே வர, திரும்ப இடமும் சேதத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதமும் கவுன்சில் கேட்கும். இல்லையேல் பொது வீதி வரை தொட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். ரேட்ஸில் இதற்கெல்லாம் தள்ளுபடி கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பின்னாளில் வீதியைக் கவுன்சிலிடம் ஒப்படைக்கலாம் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. கவுன்சிலின் தரத்தில் இல்லாத வீதியை அது ஏற்காது. தரமுயர்த்தும் செலவைக் கேட்டதும் சங்கம் அந்தப் பேச்சையே விட்டுவிடும்.

காட்டோரத் தொகுதி என்றால் காட்டுத்தீப் பாதுகாப்பு வலயமும் சங்கத்தின் கையில் இருக்கலாம். 2019ஆம் ஆண்டின் காட்டுத்தீ வழிகாட்டி, காட்டை ஒட்டிய சுற்றுவீதிக்கு 8 மீட்டர் அகலம் கேட்கிறது. வலயத்துப் புல்லும் பற்றையும் கோடை முழுவதும் வெட்டியிருக்க வேண்டும். அந்தச் செலவு நிர்வாக நிதியில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மா அப்பாவுக்குப் பின்வளவில் ஒரு கிரானி ஃபிளாட் (சிறு தனிவீடு) கட்டுவோம் என்ற திட்டம் நம்மவரில் பலருக்கு உண்டு. கம்யூனிட்டி லாட்டில் அதற்குக் கவுன்சில் விதி ஒரு பக்கம், சங்கத்தின் பை-லா மறு பக்கம். இரண்டிடமும் எழுத்தில் பதில் வாங்காமல் அந்த நம்பிக்கையில் காணி வாங்கவேண்டாம்.

ஸ்ட்ராட்டா

டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கத்துப் பழைய வில்லா வீடுகள் பல ஸ்ட்ராட்டா. வெளிச்சுவரும் கூரையும் பெரும்பாலும் பொதுச்சொத்து. கட்டடக் காப்புறுதியைச் சங்கமே எடுக்கும். கூரை ஒழுகினால் சங்கம் பார்க்கும். அதனால் லெவி அதிகம். பதிலுக்கு, ஒரு யன்னலைப் பெருப்பிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். இப்போது பதிவாகும் ஸ்ட்ராட்டாக்களில் பங்கு வகுப்பது வீட்டோடு சேர்த்த சந்தைப் பெறுமதியில்.

ஒட்டிய சுவர், ஒரே கூரை, நிலத்தடி வாகனத் தரிப்பிடம் உள்ள டவுன்ஹவுஸ் என்றால் ஸ்ட்ராட்டாவே பொருத்தம். அதைக் கம்யூனிட்டி முறைக்குள் திணித்தால், பொதுச்சுவர் யாருக்கு என்ற சண்டைக்கு விடை இராது. தனித்தனியாக நிற்கும் வீடுகளை ஸ்ட்ராட்டாவுக்குள் போட்டால் பக்கத்து வீட்டுக் கூரைக்கு நீங்கள் காசு கட்டுவீர்கள்.

எதை எடுப்பது

ஒரே விலையில், ஒரே தூரத்தில் இரண்டு காணி இருந்தால் கவுன்சில் வீதியில் உள்ள டொரன்ஸ் காணியை எடுங்கள். இதில் எங்களுக்குத் தயக்கமில்லை. கம்யூனிட்டி காணி விலையில் போதிய குறைவாக இருந்தாலோ, நீச்சல் குளத்தையும் பூங்காவையும் உங்கள் குடும்பம் உண்மையாகவே பாவிக்கும் என்றாலோ எடுக்கலாம். ஆனால் ஓரடுக்கு, முடிந்த தொகுதி, சேர்ந்த நிதி இம்மூன்றும் இருக்கட்டும். 20 ஆண்டுப் பழைய தொகுதியில் நிதி நன்றாக இருப்பது, பளபளக்கும் புதுத் தொகுதியைவிட மேல். பழையதில் வீதியின் வெடிப்பையும் குளத்தின் தேக்கத்தையும் கண்ணால் பார்க்கலாம். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

சாதாரண விற்பனையில் ஐந்து வேலைநாள், வரைபட நிலையிலேயே வாங்கினால் பத்து வேலைநாள் யோசிக்கும் காலம் உண்டு, ஏலத்தில் இல்லை. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் 66டபிள்யூ சான்றைத் தரும்படி விற்பனை முகவர் நெருக்குவார். டொரன்ஸ் காணிக்குச் சிலவேளை தரலாம். கம்யூனிட்டி காணிக்குத் தரவேண்டாம். அந்த நாட்களில் வாசிக்க வேண்டிய ஒழுங்கு இது: முதலில் வரைபடமும் லாட் 1உம், அடுத்துச் சேவை வரைபடம், பிறகு மேனேஜ்மென்ட் ஸ்டேட்மென்டில் வழிகளும் குழாய்களும் பற்றிய பகுதி. அதன் பின் பத்தாண்டு மூலதனத் திட்டமும் வங்கி மிச்சமும். கடைசியாக மூன்று ஆண்டுக் கூட்டக் குறிப்புகள். அவற்றில் 'வடிகால்' என்ற சொல் ஒவ்வொரு கூட்டத்திலும் வந்து, தீர்மானம் மட்டும் வராமல் இருந்தால், விலை பேசுமுன் ஒரு வடிகால் பொறியியலாளரை அழைத்துக்கொண்டு போங்கள்.